ஊடை விட்ட இடம்

பொதட்டூர்பேட்டையில் ராத்திரி ஷிப்டு.
நான்கு தறிக்கு ஒரு ஆள், நான்.
இழை அறுந்தால் தறி தானே நின்றுவிடும்.
மூன்று ஓடும் இரைச்சலுக்குள்
நின்ற ஒன்றின் மௌனம்
முதுகில் தட்டிக் கூப்பிடும். திரும்புவேன்.
இருபது வருஷக் காது.

அந்தக் காதை வைத்துக்கொண்டுதான்
ஒரு வருஷம் கேட்காமல் இருந்தேன்
தேஜஸ்வினி நிற்பதை.

சோற்றுக் கை
தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நிற்கும்.
இமை மட்டும் படபடக்கும்.
பத்து எண்ணுவதற்குள்
கவளம் பாதி வழியிலிருந்து கிளம்பி வாய்க்குப் போகும்.
விழவில்லை, நுரையில்லை.
எங்களுக்குத் தெரிந்த வலிப்பு
சாவிக்கொத்து தேடி ஓடவைக்கும், தெருவைக் கூட்டும்.
இது யாரையும் கூப்பிடவில்லை.

எப்சிபா டீச்சர் நல்லவர்.
"வீட்ல தெலுங்கு, இங்க தமிழ்.
பாவம், பாதி புரியல அவளுக்கு" என்றார்.
முனிலட்சுமியின் அண்ணன் நகரியிலிருந்து வந்து
"தமிழ்ப் பள்ளிக்கூடத்துல போட்டீங்க,
தெலுங்கும் மறந்து நிக்குது பாரு" என்றான்.
எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஆளுக்கொரு பாஷைமேல் பழி போட்டார்கள்.
நான் போட்டது அவள் கன்னத்தில்.
கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை.
அடி விழுந்த பிறகு கேட்டாள்:
"ஏன் நாயினா? நீ கூப்பிடவே இல்லையே."

டிக்டேஷன் நோட்டுதான் காட்டிக்கொடுத்தது.
'மழை பெய்ததும் ஏரியில்'
அதோடு பென்சில் கோட்டை விட்டு இறங்கி
மண்புழுபோல் ஓர் இழுப்பு.
பிறகு 'துள்ளின.'
மீன்களைக் காணோம்.
பக்கத்துக்கு மூன்று, நான்கு இப்படி.
துணியை வெளிச்சத்தில் பிடிப்பதுபோல்
நோட்டைப் பிடித்துப் பார்த்தேன்.
ஊடை விட்ட இடம் எனக்குத் தெரியும்.
கவனக்குறைவு என்று கூலியில் பிடிப்பார்கள்.
பல நாள் அது நெய்தவன் தப்பே இல்லை.

வேலூரில் டாக்டரம்மா
முதலில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்தார்.
"ஊது, நிறுத்தாம ஊது."
சுவர்க் கடிகாரம் பார்த்தார்.
இரண்டாம் நிமிஷம்
காற்றாடி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது,
ஊதியவள் இல்லை.
அந்த இடைவெளிக்குள் குனிந்து
காதோடு "பூசணிக்காய்" என்றார்.
அவள் மறுபடி ஊதத் தொடங்கினாள்.
"நான் இப்ப என்ன சொன்னேன்?"
"ஊதச் சொன்னீங்க."

பிறகு தலையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள்.
திரையில் பாவு போல இழை இழையாக ஓடியது.
திடீரென்று எல்லா இழையும்
சேர்ந்து எழுந்து சேர்ந்து விழுந்தன,
நொடிக்கு மூன்று, மோட்டார் வைத்த மாதிரி.
அத்தனை ஒழுங்கு. அதுதான் கோளாறாம்.
"இதுவும் வலிப்புதான். சத்தம் போடாது.
மருந்துக்கு அடங்கும், பெரும்பாலும்.
ஒரு வேளைகூட விடக் கூடாது."
நாளைக்கு எத்தனை தடவை வரும் என்று கேட்டேன்.
"ஐம்பதுகூட இருக்கலாம்."
முனிலட்சுமி அழுதாள்.
நான் என் வலது கையைச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவள்.
பசை காய்ந்து முடி முள்ளாக நின்றது.
"அந்தப் பத்து நொடி எங்கம்மா போற?"
"நான் எங்கயும் போறதில்ல நாயினா.
நீங்கதான் குதிப்பீங்க.
கதவுகிட்ட இருந்த அம்மா
சட்டுனு பக்கத்துல நிக்கும்.
எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து,
"டாக்டர் காதுல என்ன சொன்னாங்க?"
"பூசணிக்காய்."
நம்பவில்லை. முனிலட்சுமி பக்கம் திரும்பினாள்.
"கும்மடிகாய" என்று அவளும் சாட்சி சொன்னாள்.
சோளிங்கர் தாண்டியும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

நடுவில் ஒரு முறை சிரிப்பு நின்றது.
வாய் திறந்தபடி, இமை படபடக்க.
கூப்பிடவில்லை. எண்ணினேன்.
நான்கு. ஐந்து. கண்டக்டர் ஏதோ கேட்டார்,
பதில் சொல்லவில்லை. எட்டு.
அவள் திரும்பி வரும்போது
நான் குதித்திருக்கக் கூடாது.
விட்ட இடத்திலேயே, அதே முகத்தோடு,
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.